ஸ்ப்ரேயும் ரோலரும்

ஜனவரி 18

அன்புள்ள வாலுக்கு,

நானும் உன் அண்ணியும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? தனியாக இருக்கிறவள், நேரத்துக்குச் சாப்பிடு.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "வேலையா இருக்கேண்ணா" என்று வைத்துவிடுகிறாய். கடிதமாவது எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயம் நம் வண்டி. கூரையிலும் பானெட்டிலும் பெயிண்ட் செதில் செதிலாக உரிகிறது. போன வாரம் ஒரு தையல் கடையில் மெஷின் பழுது பார்க்கப் போனேன். அந்தக் கடைக்கார அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்ன மெக்கானிக் சார், வண்டிக்குத் தேமலா?" என்று கேட்டார். கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது.

இங்கே இருக்கும் பெயிண்ட் கடைக்காரரிடம் காட்டினேன். அவர் வண்டியை இரண்டு தடவை சுற்றி வந்து ஒரு தொகை சொன்னார். அதற்கு இதே மாதிரி இன்னொரு பழைய வண்டியே வாங்கிவிடலாம் போலிருக்கிறது. ஆகவே நானே அடிப்பதாக முடிவு செய்துவிட்டேன். ஹார்ட்வேர் கடையில் ஸ்ப்ரே டப்பா கிடைக்கிறது. குலுக்க வேண்டியது, அமுக்க வேண்டியது, அவ்வளவுதான். தையல் மெஷினுக்குள் தலைமயிர் அளவு இடைவெளியைச் சரிசெய்கிறவனுக்குத் தகரத்தில் பெயிண்ட் அடிக்க வராதா?

நீ பெரிய கடையின் பெரிய பெயிண்டர். சிரிப்பாய் என்று தெரியும். சிரித்துவிட்டு எப்படி அடிப்பது என்று எழுது.

அன்புடன்
அண்ணன்


ஜனவரி 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அண்ணிக்கு முழங்கால் வலி தேவலையா?

சிரிக்கவில்லை, தலையில் அடித்துக்கொண்டேன். பெயிண்ட் அடிப்பது கடைசி நாள் வேலை அண்ணா. அதற்கு முன்னால் பழைய பெயிண்டைத் தேய்க்க வேண்டும், துருவைச் சுரண்ட வேண்டும், பள்ளத்துக்குப் பட்டி பார்க்க வேண்டும், காய்ந்ததும் வாட்டர் பேப்பர் போட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும், பிரைமர் அடித்து மறுபடியும் தேய்க்க வேண்டும். உன் கடைக்காரர் கேட்கும் தொகையில் முக்கால்வாசி தேய்ப்பதற்குத்தான். கையில் ரேகை இருக்காது.

இந்த வாரம் ஒரு சிவப்பு வண்டி அடித்தேன். சிவப்பு பொல்லாதது. முதல் பூச்சில் கீழே இருக்கும் பிரைமர் எட்டிப் பார்க்கும், இரண்டாவதில் திட்டுத் திட்டாக நிற்கும், மூன்றாவதில்தான் அடங்கும். அதற்கு மேல் பளபளப்புக்கு நிறமில்லாத க்ளியர் கோட். நாங்கள் பெயிண்ட் அடிக்கும் மூடிய அறை, அந்தப் பூத்தின் விளக்கு வெளிச்சத்தில் கதவு மேல் என் முகம் தெரிந்தது. ஸ்ப்ரே டப்பாவில் உனக்கு அது வராது. நல்ல கடையாகப் பார்த்துக் கொடுத்துவிடு.

நான் சொல்லியா கேட்கப்போகிறாய்? அடிப்பதாக இருந்தால் ஒன்று மட்டும் சொல்கிறேன். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்காதே. வடிகட்டி வைத்த மாஸ்க் கடையில் கேட்டு வாங்கு. மூடிய இடத்தில் அடிக்காதே. அண்ணியைப் பக்கத்தில் நிற்க விடாதே. மற்றதெல்லாம் தப்பாகப் போனாலும் தேய்த்துவிட்டுத் திரும்ப அடிக்கலாம். இதில் விளையாடாதே.

உன்
வாலு


பிப்ரவரி 16

அன்புள்ள வாலுக்கு,

இங்கே எல்லோரும் நலம், வண்டியைத் தவிர.

பின்பக்கக் கதவு ஒன்றில் மட்டும் சோதனை போட்டுப் பார்த்தேன். நீ சொன்ன மாதிரி தேய்த்தேன். பாதியில் தோள்பட்டை விட்டுப்போனது. "போதும், இவ்வளவு தேய்த்தால் தகரம் ஓட்டையாகிவிடும்" என்று நானே எனக்கு நியாயம் சொல்லிக்கொண்டு அடித்துவிட்டேன். அடித்து முடித்த கணத்தில் அழகாகத்தான் இருந்தது. உன் அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வந்து சேர்வதற்குள் பெயிண்ட் சுருங்க ஆரம்பித்துவிட்டது. காய்ச்சிய பாலில் ஏடு கட்டுமே, அப்படி. ஒரு ஓரத்தில் கண்ணீர் மாதிரி வழிந்து இறங்கியிருந்தது. நடுவில் இரண்டு கொசு.

அண்ணி வெகுநேரம் பார்த்துவிட்டு, "மத்த மூணு கதவும் இப்ப நல்லா இருக்கற மாதிரி தெரியுதுங்க" என்றாள்.

மாஸ்க் வாங்கினேன். போட்டுக்கொண்டுதான் அடித்தேன்.

ஒரு யோசனை. வண்டியை உன்னிடமே ஓட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். உன் கையால் அடித்துக் கொடு. உன் கடையில் ஆகும் செலவை நான் கொடுத்துவிடுகிறேன். இத்தனை வருஷமாக ஊரில் யார் யார் வண்டிக்கோ அடித்திருக்கிறாய், உன் அண்ணன் வண்டிக்கு ஒரு நாளும் அடித்ததில்லையே. நான் பாட்டுக்கு உன் அறையில் ஒரு வாரம் கிடக்கிறேன். சமைத்துப் போடுகிறேன். எப்போது வரலாம் என்று எழுது.

அன்புடன்
அண்ணன்


மார்ச் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம்.

இப்போது வண்டி கொண்டுவர வேண்டாம். பூத் காலியாக இல்லை. முதலாளி வேலையாட்களின் சொந்தக்கார வண்டிகளை எடுப்பதில்லை என்று புதிதாக ஒரு சட்டம் வைத்திருக்கிறார். இந்த வருஷக் கடைசி வரை முடியாது என்று நினைக்கிறேன். அதன் பிறகும் நிச்சயமில்லை.

கதவில் சுருங்கியது பழைய பெயிண்டும் புதிய பெயிண்டும் ஒத்துப்போகாததால். மொத்தமாகச் சுரண்டி எடுத்துவிடு. உன் ஊர்க் கடைக்காரரிடமே பேசி விலையைக் குறைக்கச் சொல்.

நேற்று ஒரு கறுப்பு வண்டி அடித்தேன். கறுப்பில் ஒரு தூசி விழுந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். நன்றாக வந்தது.

வேலை இருக்கிறது. அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

வாலு


ஏப்ரல் 2

அன்புள்ள தங்கைக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. சட்டம் என்றால் சட்டம்தான். உனக்குச் சங்கடம் கொடுத்திருக்கக் கூடாது.

கதவைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


மே 5

அன்புள்ள வாலுக்கு,

நாங்கள் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? இங்கே வெயில் அதிகம், அங்கேயும் அப்படித்தான் இருக்கும். வெளியே அலையாதே. மாடிப்படி ஏறும்போது மெதுவாக ஏறு.

போன கடிதத்தை வெடுக்கென்று முடித்துவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே. தையல் மெஷின்காரனுக்கு எண்ணெய் குறைந்தால் இப்படித்தான் சத்தம் வரும்.

வண்டி விஷயம். ஸ்ப்ரே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ரோலரில் அடிக்கலாம் என்று பார்க்கிறேன். இரும்பு கேட்டுக்கு அடிக்கும் சாதாரண எனாமலில் டர்பன்டைன் கலந்து, பால் பதத்துக்கு நீர்க்க விட்டு, சின்ன ஸ்பாஞ்ச் ரோலரால் உருட்ட வேண்டுமாம். ஒவ்வொரு பூச்சும் காய்ந்ததும் தேய்த்து மேலே இன்னொன்று. என்னிடம் மெஷின் கொடுக்கும் ஒருவர் தன் வேனுக்கு அப்படித்தான் அடித்திருக்கிறார். போய்ப் பார்த்தேன். மோசமில்லை.

உன்னிடம் கேட்க வேண்டியது இது. ரோலரில் அடித்தால் காற்றில் பெயிண்ட் பறக்காதுதானே? ஸ்ப்ரே மாதிரி புகை எழாதுதானே? பெயிண்ட் சீக்கிரம் இறுக நீங்கள் கடையில் ஹார்டனர் என்று ஒன்று கலப்பீர்களே, அது இந்த எனாமலில் கிடையாது என்று கடைக்காரர் சொல்கிறார். அது சரியா? திறந்த வெளியில் வைத்து அடித்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றும் செய்யாதே?

அவசரமில்லை. முடிந்தபோது எழுது.

அன்புடன்
அண்ணன்


மே 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். கோபமெல்லாம் இல்லை.

ரோலரா? அது சுவருக்கு அண்ணா. உருட்டின தடம் தெரியும், ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக நிற்கும். எங்கள் கடையில் இதைச் சொன்னால் டீ குடிக்கிறவனுக்குப் புரையேறிவிடும். மேகத்தைத் துடைப்பத்தால் பெருக்குகிற மாதிரி.

ஆனால் நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், ரோலரில் பெயிண்ட் பறக்காது. எனாமலில் ஹார்டனர் கிடையாது. டர்பன்டைன் வாடை வரும், வெளியில் வைத்து அடித்தால் காற்றில் போய்விடும். இத்தனை அக்கறையாக ஏன் கேட்கிறாய்? அண்ணிக்கு ஏதும் உடம்பு சரியில்லையா? மறைக்காமல் எழுது.

இங்கே ஒரு வெள்ளி நிற வேன் வந்திருக்கிறது. அதைத்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

உன்
வாலு


மே 23

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் வலி அது பாட்டுக்கு இருக்கிறது, நான் பாட்டுக்கு இருக்கிறேன்.

உன் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். "அவகிட்ட சொல்லாதே" என்று சொல்லியிருக்கிறார். முப்பது வருஷமாக அவர் சொன்னதைக் கேட்காமல் இருந்துதான் இந்தக் குடும்பம் நடக்கிறது, இதையும் அதில் சேர்த்துக்கொள்.

ஏப்ரலில் ஊசியும் பெல்ட்டும் வாங்க உங்கள் ஊருக்குப் போகிறேன் என்று கிளம்பினார். ஊசி இங்கேயே கிடைக்கும், எனக்குத் தெரியாதா? உன் மேல் வருத்தத்தில் இருந்தார். நேரில் வந்து, "ஒரு வண்டி அடிச்சுத் தர மாட்டியா" என்று கேட்டுவிட்டு வர வேண்டும் என்றுதான் போனார். உன் கடை வாசல் வரைக்கும் வந்திருக்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ மேஜையில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தாயாம். பாதி வாக்கியத்தில் நிறுத்தி, வாயில் மருந்து பம்ப்பை வைத்து இழுத்துவிட்டு, மீதியைப் பேசினாயாம்.

வெளியே வண்டி கழுவிக்கொண்டிருந்த ஆளிடம், யாரோ மாதிரி விசாரித்திருக்கிறார். அந்த ஆள், "அக்காவா? அவங்க பூத்துக்குள்ள போறதில்லையே சார். மழைக்காலத்துலேருந்தே முன்னாடி டேபிள்தான். மூச்சு ஒத்துக்கலைன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றாராம்.

இவர் உள்ளே வரவில்லை. எதிர்ச் சாரியில் கொஞ்ச நேரம் நின்று உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்டேன். "கறுப்பு வண்டி அடிச்சேன், நல்லா வந்துச்சுன்னு எழுதியிருக்கா. நான் போய் எதிர்ல நின்னா அவளுக்கு எப்படி இருக்கும்?" என்றார்.

அதற்கப்புறம்தான் இந்த ரோலர் பைத்தியம். நீ போன் எடுக்காததற்குக் காரணம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம் என்றுதானே?

கோபமில்லை. நீ வந்து நாலு நாள் இருந்தால் எனக்கு நிம்மதி. வண்டிக்காக வர வேண்டாம், சும்மா வா.

அன்புடன்
அண்ணி


ஜூலை 3

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை இத்தனை நாளாகப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பதில் எழுத உட்கார்ந்தால், "நலம்" என்ற முதல் வார்த்தையிலேயே நின்றுவிடும்.

எல்லாம் உண்மைதான். ஹார்டனர் கலந்த பெயிண்டை வருஷக்கணக்கில் மூச்சில் இழுத்ததால் வந்தது. ஆரம்பத்தில் எங்களுக்கு மாஸ்க் கிடையாது, துணிதான். முதலாளியிடம் கேட்டால், "எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகலையே" என்பார். பிறகு நல்ல மாஸ்க் வந்தது. அதற்குள் நெஞ்சு கெட்டுவிட்டது. போன மழைக்காலத்தில் ஒரு நாள் கையில் ஸ்ப்ரே கன்னோடு பூத்துக்குள் உட்கார்ந்துவிட்டேன். காற்று உள்ளே போகிறது, வெளியே வர மறுக்கிறது. தூக்கிக்கொண்டு போனார்கள். இனி பூத்தின் கதவைக்கூடத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மற்றபடி மருந்தோடு நடமாட்டமாகத்தான் இருக்கிறேன், பயப்படாதீர்கள்.

அண்ணாவிடம் ஏன் சொல்லவில்லை என்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். நான் பெயிண்ட் கடை வேலைக்குப் போகிறேன் என்றதும் எங்கள் வீடு இரண்டுபட்டது. "பொம்பளப் பிள்ளை டப்பா தூக்கவா படிச்சா?" என்றார் அப்பா. அண்ணாதான், "அவ கை அதுக்குன்னே இருக்குப்பா. நீங்க அனுப்பலேன்னா நான் இந்த வீட்ல சாப்பிட மாட்டேன்" என்று நின்றார். மூன்று வேளை சாப்பிடாமலே இருந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என்னைக் கடையில் விட்டதும் அவர்தான். என் நெஞ்சு கெட்டது தெரிந்தால் பழியை அவரே எடுத்துப் போட்டுக்கொள்வார் என்றுதான் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியாத ஆளா?

சிவப்பு வண்டி, கறுப்பு வண்டி எல்லாம் பக்கத்து ஆட்கள் அடித்தது. நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

டாக்டரிடம் ரோலரைப் பற்றிக் கேட்டேன். ஹார்டனர் இல்லை, பறக்காது, திறந்த வெளி என்றால் கொஞ்ச நேரம் செய்து பாருங்கள், நெஞ்சு இறுகினால் உடனே விட்டு விலகிவிடுங்கள் என்றார். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். வருகிறேன். அவர் கடை வாசல் வரை வந்தது எனக்குத் தெரியும் என்று அண்ணாவிடம் சொல்லாதீர்கள். எப்படிச் சொல்வது என்று நானே யோசிக்கிறேன்.

உங்கள்
வாலு


ஆகஸ்ட் 6

அன்புள்ள வாலுக்கு,

நாங்கள் சுகம். நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்ததா?

நீ இருந்த நாளெல்லாம் வீடு கலகலவென்று இருந்தது. இப்போது அண்ணி என்னைத் திட்டுவதற்குக்கூட அலுத்துக்கொள்கிறாள்.

வண்டியைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். பச்சை நன்றாகத்தான் இருக்கிறது. கிட்டத்தில் குனிந்து பார்த்தால் நான் அடித்த பக்கமெல்லாம் உருட்டின தடம் தெரிகிறது. தையல் கடை அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எந்தக் கடையில குடுத்தீங்க?" என்றார். வீட்டில்தான் என்றேன். நம்பவில்லை.

நீ இருந்தபோது பேச வாய் வரவில்லை. முதல் நாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அங்கே தேய், இங்கே தேய்" என்று அதட்டிக்கொண்டிருந்தாய். இரண்டாம் நாள் நான் பானெட்டில் உருட்டுவதைப் பார்க்கப் பொறுக்காமல் எழுந்து வந்து ரோலரைப் பிடுங்கிக்கொண்டாய். தடுக்கலாமா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, வாடை முகத்தில் அடிக்காத பக்கம் போய் நின்றாய். நாலு தடவை உருட்டுவாய், கையை இறக்கி நிற்பாய். மறுபடியும் உருட்டுவாய். நான் பட்டி டப்பாவைத் தேடுகிற மாதிரி கீழே குனிந்துகொண்டேன்.

ஏப்ரலில் உன் கடை வாசல் வரை வந்தேன். உள்ளே வராமல் திரும்பிவிட்டேன். உன் அண்ணி உன்னிடம் சொல்லிவிட்டாள் என்பதும் எனக்குத் தெரியும், அவள் முகத்தில் எதுவும் நிற்காது. ஆக மூன்று பேருக்கும் தெரிந்த விஷயத்தை மூன்று பேரும் சுமந்துகொண்டு வண்டியைச் சுற்றி வந்திருக்கிறோம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உண்மையைச் சொல். அன்றைக்கு நான் அப்பாவோடு மல்லுக்கு நிற்காமல் இருந்திருந்தால் நீ வேறு ஏதாவது வேலைக்குப் போயிருப்பாய். நெஞ்சு நன்றாக இருந்திருக்கும். நான் செய்தது தப்பா?

அண்ணன்


ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ஜன்னல் ஓரம் கிடைத்தது. முந்தாநாள் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து மருந்து இழுத்துவிட்டு ஏறினேன். நேற்றும் இன்றும் பரவாயில்லை. இனிமேல் உடம்பைப் பற்றி இப்படித்தான் எழுதுவேன், படித்துவிட்டு ராத்திரியெல்லாம் விழித்துக்கொண்டிருக்கக் கூடாது.

தப்பில்லை. நீ என்னை வேலைக்கு அனுப்பினாய். மாஸ்க் கொடுக்காதவர் முதலாளி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதே. அந்த வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால் என் நெஞ்சு நன்றாக இருந்திருக்கும், அது நிஜம். ஆனால் வண்டி பூத்திலிருந்து வெளியே வந்ததும் சொந்தக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொடப் பயந்து சுற்றி வருவாரே, அதை இத்தனை வருஷம் நான் பார்த்திருக்கிறேன். வேறு எந்த வேலையில் எனக்கு அது கிடைத்திருக்கும்? உனக்குத் தெரியாமல் மறைத்ததுதான் நான் செய்த தப்பு. உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு எட்டு மாசம் உன்னைத் தள்ளி வைத்தேன்.

ஊரிலிருந்து வந்ததும் முதலாளியிடம் போய், போன் எடுக்கும் மேஜை எனக்கு வேண்டாம் என்றேன். காய்ந்து வெளியே வந்து நிற்கும் வண்டிகளை வெயிலில் வைத்துப் பார்த்துக் குறை சொல்லும் வேலை கொடுங்கள் என்று கேட்டேன். புதிதாகச் சேருகிற பையன்கள் மாஸ்க் இல்லாமல் பூத்துக்குள் போனால் அதற்கும் குறை சொல்வேன் என்றேன். அவர், "குறை சொல்றதுக்கு உன்னைவிட ஆள் எங்க கிடைக்கும், போ" என்றார். திங்கட்கிழமை ஆரம்பித்தேன். முதல் வண்டியையே திருப்பி அனுப்பினேன். அடித்தவன் இன்னும் என்னோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடை அரை நாள். அண்ணியைக் கூட்டிக்கொண்டு வண்டியில் வா. நேராக உள்ளே கொண்டுவந்து வெயிலில் நிறுத்து. பச்சை எனாமல், அதுவும் ரோலர் என்றால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். உன் கதவுகளை நானே முதலில் குறை சொல்லிவிடுகிறேன். அப்புறம் அவர்களைப் பானெட் பக்கம் கூட்டிக்கொண்டு போய்த் தடவிப் பார்க்கச் சொல்வேன். இது நான் அடித்தது என்பேன்.

உன்
வாலு